ஓடை மரத்துக் கொட்டை

கிட்ட வந்து உட்காருங்கள், என் தங்கங்களா. பாயை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கிவிட்டு வாருங்கள், நடுவில் எழுந்து ஓடக்கூடாது. ராசா கதை இல்லை, பேய்க் கதையும் இல்லை. ஒரே ஒரு கித்தாக் கொட்டையின் கதை; கித்தா என்றால் ரப்பர் மரம். உள்ளங்கைக்குள் அடங்கிப் போகிற சாமான்தான். ஆனால் ஒரு பொம்பளை அதைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றாள். அதை உங்களுக்குச் சொல்லாமல் விடுவதில்லை என்று இருக்கிறேன்.

மலாயாவில் செடெனாக் பக்கத்துத் தோட்டம். முப்பத்தேழாம் வருஷம். பேச்சியம்மாள் பள்ளத்து நிரையில், அவள் பங்குக்கு விட்ட மர வரிசையில், நின்றுகொண்டிருந்தாள். ஓடைத் தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலைச் சாறு பூசிய கால் எரிந்தது. மரத்தின் வெட்டுக் கோட்டில் பால் இறங்கி மங்குக் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் அவளுடைய ரவிக்கையும் நனைந்துகொண்டிருந்தது. கைப்பிள்ளைக்காரி. பிள்ளை மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆயாக் கொட்டகையில், சாக்குத் தூளியில் கிடந்தது. விடியுமுன் ஆள் எண்ணுகிற பிரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும்போது கொண்டுபோய் விட்டால், மரம் வெட்டி, பால் எடுத்து, தோள் தடியில் தொங்குகிற காண்டா வாளியில் சுமந்து பால் கொட்டகையில் நிறுத்துப் போட்ட பிறகுதான் திரும்பப் பார்க்க முடியும். மார் கல்லாகக் கட்டிக்கொள்ளும். சில நாள் ஓடை மரத்துக்குப் பின்னால் மறைவாக நின்று பீய்ச்சித் தண்ணீரில் விடுவாள். மரத்துப் பாலை ஒரு சொட்டுச் சிந்தினால் சபாபதி கங்காணி வைவார். அவள் பால் ஓடையோடு போகும், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

அந்த ஓடை மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கித்தா மரம் ஒவ்வொன்றுக்கும் கொட்டையில் ஒரு சாயல் உண்டு. ஒன்றில் புள்ளி, ஒன்றில் வரி, ஒன்றில் கருப்புத் திட்டு. ஒரு தாய் மரத்துக் கொட்டை எல்லாவற்றுக்கும் ஒரே முகம். ஓடை மரத்துக் கொட்டையோ புறா முட்டை மாதிரி பருமன். சாம்பலில் புரட்டி எடுத்தது போல நிறம். நடுவில் வெள்ளையாக ஒரு வழிசல். வரிசை வீட்டு லயத்துப் பிள்ளைகள் அதற்கு அடித்துக்கொள்வார்கள். கல்லில் தேய்த்துத் தொடையில் சுடு வைத்து விளையாட அதுதான் தோது. ‘பேச்சி மரத்துக் கொட்டை’ என்றே அதற்குப் பேர்.

மேட்டு நிரைக்காரி கிருஷ்ணம்மா. பேச்சிக்கு அக்கா முறை. ஒரே கப்பலில் வந்தவர்கள் என்பதுதான் அந்த முறை. பேச்சிக்குத் தலைப்பிரசவத்தில் கைபிடித்தவள் அவள். உயரமான பொம்பளை. சிரித்தால் அடுத்த லயத்துக்குக் கேட்கும். அவளுடைய நிரை ஆயாக் கொட்டகையை ஒட்டியே இருந்தது. அவளுக்குக் கைப்பிள்ளை இல்லை. "எனக்கு எதுக்குடி இந்த எடம், ஒனக்குக் குடுத்துட்டு நான் பள்ளத்துக்குப் போயிர்றேன்" என்று பேச்சியிடம் சொல்லிவிட்டு, அவளே போய்க் கங்காணியிடம் ஒரு தரம் கேட்டாள். "நிரையை மாத்திக்கறதுக்கு இதென்ன ஒங்க ஆத்தா வீட்டுக் கொல்லையா?" என்று கங்காணி கேட்டார். அதோடு நின்றுவிட்டது.

அந்த வருஷம்தான் கூட்டணி வந்தது. பெக்கான் நானாஸில் அன்னாசிப் பழத்தை வெட்டி டின்னில் அடைக்கிற சீனர்கள், மரமறுக்கிற பட்டறைக்காரர்கள், இந்தப் பக்கத்து மூன்று கித்தாத் தோட்டத்துத் தமிழர்கள், எல்லாரும் ஒரே கொடிக்குக் கீழே. கொடி என்றால் என்ன, சாயம் தோய்த்த சிவப்புத் துண்டு. சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் நடந்தது, போலீஸ் வந்தது, ஆட்களைப் பிடித்தது. கிருஷ்ணம்மாவின் புருஷன் வீரமுத்துவைத் தோட்டத்தை விட்டே விரட்டினார்கள். அவன் அன்னாசிக் கொட்டகையில் போய் ஒண்டிக்கொண்டான். கடைசியில் துரைமார் இறங்கி வந்தார்கள்: ஒவ்வொரு தோட்டத்திலும் ஆட்கள் தங்களுக்கு ஒரு பேச்சாளைத் தேர்ந்தெடுக்கட்டும், அவரோடு பேசுகிறோம் என்று. கூட்டணி ஆட்களே மூன்று தோட்டத்திலும் ஜெயித்தால் மூன்றையும் சேர்த்து ஒரே மேசையில் பேச வேண்டியிருக்கும். ஒன்று தவறினாலும் தனித்தனியாகப் பிரித்து உட்காரவைத்துவிடுவார்கள். முதல் தோட்டம் கூட்டணிக்கு. இரண்டாவதும் கூட்டணிக்கு. மூன்றாவது நம் பேச்சியின் தோட்டம்.

நிற்க ஆண்பிள்ளை இல்லை. வாய் உள்ளவர்களை எல்லாம் ஏற்கெனவே விரட்டியாகிவிட்டது. கிருஷ்ணம்மா எழுந்தாள்.

"பொம்பள போயி தொரைகிட்ட என்னாத்தப் பேசுவா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான்.

"ஒன் பொண்டாட்டி ஒன்கிட்டப் பேசறத விடவா கஷ்டம்?" என்றாள் ராசம்மா. ராசம்மா வாய்க்கு லயமே பயப்படும். எல்லாரும் சிரித்தார்கள்.

கிருஷ்ணம்மா கேட்கப் போகிறவற்றைச் சொன்னாள். ஆம்பளைக்குள்ள கூலி பொம்பளைக்கும். மழை நாளில் அரைச் சம்பளம். அப்புறம், எல்லாருக்கும் முன்னால் பேச்சியைத் தேடிப் பார்த்துச் சொன்னாள்: "பால்குடிப் புள்ளக்காரிங்க அத்தன பேருக்கும் கொட்டகைக்குப் பக்கத்து நிரை. கேட்டு வாங்கித் தருவேன். மார்ல பால வச்சிக்கிட்டு எங்க புள்ளைங்க ஏன் பசிச்சிக் கெடக்கணும்?" பேச்சியின் புருஷன் தங்கராஜு புல்வெட்டு வேலைக்காரன், அவன்தான் முதலில் கை தட்டினான். பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தனக்காகச் சபையில் ஒருத்தர் பேசி அவள் அதுவரை கேட்டதில்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேச்சு வந்தபோது கணக்கெழுதுகிற கிராணி அமலநாதன் கடுதாசியில் பேர் எழுதிப் போடலாம் என்றார். பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. கிராணி எழுதிக் கொடுத்தால் கிராணிக்குத் தெரிந்துவிடும். கூட்டணியிலிருந்து வந்திருந்த ஆ லியோங் என்ற சீனப் பையன் மலாயில் ஒரு வழி சொன்னான். பெண்களை மரியாதையாக ‘காக்காக்’ என்று கூப்பிடுவான். பிள்ளைகள் அண்ணாந்து காக்கையைத் தேடுவார்கள். இரண்டு பானை வை, மறைப்புக் கட்டு, ஆளுக்கு ஒரு கொட்டை போடட்டும். காய் வெடிக்கிற காலம், காடு முழுக்கக் கொட்டை கிடக்கிறது. யார் போட்டது என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் எல்லார் கண் முன்னாலும் சாக்கில் கொட்டி எண்ண வேண்டும், திருட்டுத்தனம் கூடாது. அவன் அன்னாசி வெட்டுகிறவன், பாவம். கித்தாவைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. சபாபதி கங்காணிக்கும் பட்டது. "கொட்டையே இருக்கட்டும்"னு அவர்தான் முடித்துவைத்தார். ஒரு காலத்தில் அவரும் மரம் வெட்டியவர்தான் என்று அப்போது ஒருத்தரும் நினைக்கவில்லை.

கங்காணி நிறுத்திய ஆள் அவருடைய மச்சான் சதாசிவம். அவன் வீடு வீடாகப் போகவில்லை. கங்காணிதான் போனார். ஒரு வீட்டில் தம்பிக்கு வேலை. ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு லீவு. ஒரு வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை, வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த வீட்டுக்காரர்கள் அன்று சாப்பிடவில்லை. பேச்சியிடம் அவர் வந்தது ஒரு மத்தியானம். அவள் நிறுத்துப் போட்ட கையோடு ஓடி வந்து பிள்ளையைத் தூக்கியிருந்தாள். அழுது அழுது களைத்துப்போன பிள்ளை, மார்பில் வாய் வைத்தும் குடிக்கத் தெம்பில்லாமல் விக்கிக்கொண்டிருந்தது.

"தொண்ட கட்டிப் போச்சு போலருக்கே, பேச்சி."

அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "ஆமாங்கய்யா."

"பள்ளத்து நிரை ஒனக்கு ஒத்துவராதும்மா. மேட்டு நிரையா இருந்தா, இங்க புள்ள சிணுங்கினா அங்க ஒனக்குக் கேக்கும். ஒரு எட்டு வந்து குடுத்துட்டுப் போயிரலாம்."

அவர் அம்மா என்று சொன்னதே அவளுக்கு என்னவோ செய்தது. "அங்க எடம் காலி இல்லீங்களே."

"காலியாகும்."

மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார். எப்படிக் காலியாகும் என்று பேச்சி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால் பதில் வந்துவிடும் என்று தெரிந்துதான் அவள் குனிந்து பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

"எந்தப் பானையில போடணும்னு நான் சொல்லல. நீ புத்தியுள்ள புள்ள." சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் சொல்வதைக் கேளுங்கள், அவள் கெட்டவள் இல்லை. அன்றைக்கும் மறுநாளும் கிருஷ்ணம்மாவுக்குத்தான் போடுவேன் என்றே இருந்தாள். மறைப்புக்கு உள்ளே எதில் போட்டாலென்ன, கங்காணிக்கு எப்படித் தெரியும், போட்டேன் என்று சொல்லிவிட்டு நிரையையும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு தரம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்கே வெட்கப்பட்டாள். தேர்தலுக்கு முன்தினம் கிருஷ்ணம்மா தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"அடியே, நாளைக்கி ஓடை மரத்துக் கொட்டையா கொண்டாந்து போடு. பெருசா ஒண்ணு. எம் பானைக்குத் திருஷ்டி கழிச்ச மாதிரி இருக்கும்."

"சரிக்கா."

"வாய் சரிங்குது, மொகம் என்னமோ தேவாங்கு மாதிரி இருக்கு. புள்ளைக்கி இன்னும் ஒடம்பு சரியாகலியா?"

"சரியாயிருச்சுக்கா," என்றாள் பேச்சி. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கக் கிருஷ்ணம்மாதான் கை கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடக் கொட்டகைக்குள் சாக்குத் திரை. உள்ளே இரண்டு பானை: கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டியது கிருஷ்ணம்மாவுக்கு, வெள்ளைத் துண்டு கட்டியது சதாசிவத்துக்கு. வாசலில் கிராணி. உள்ளே போகிறவர் உள்ளங்கையை விரித்து ஒரே கொட்டைதான் என்று காட்ட வேண்டும். வெளியே வரும்போது வெறுங்கையைக் காட்ட வேண்டும். ஏதோ கோவிலுக்குப் போகிறது போல எல்லாரும் குளித்து, துவைத்ததைக் கட்டி வந்திருந்தார்கள். லயத்து முனையில் அன்னாசிக் கொட்டகை லாரி நின்றது. ஆ லியோங்கும் ஆட்களும் மேளம் வைத்திருந்தார்கள். லாரி நிறையப் பழம். ஜெயித்தால் மூன்று தோட்டத்துக்கும் ஊர்வலம்.

பேச்சி பிள்ளையைத் தங்கராஜுவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கொட்டை மடியில் இருந்தது, எடுத்துக் காட்டினாள். "அம்மாடி, பருமனா இருக்கே," என்று கிராணி சிரித்தார்.

திரைக்கு உள்ளே அரை இருட்டு. சாக்கு வாடை. இரண்டு பானையும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன, ஒரு வீட்டு அக்கா தங்கச்சி போல. அவள் சிவப்புத் துண்டுப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். பானை விளிம்பு விரலில் பட்டது. அது சத்தியம்.

அப்போது வெளியே பிள்ளை அழுதது.

தகப்பன் கையில் பிடிப்புச் சரியில்லையோ, பசியோ, வீறிட்டு அழுதது. பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காதில் விழுந்ததும் அவள் மார் இரண்டும் சுரீரென்று இழுத்துப் பால் பொங்கி, தோய்த்துக் கட்டிய ரவிக்கை ஒரே நொடியில் நனைந்தது. அவளைக் கேட்டுக்கொண்டா அது வந்தது? ஓடைத் தண்ணீரும் அட்டையும் கல்லாய்க் கட்டிய மாரும் கண் முன்னால் வந்தன. ‘இங்க சிணுங்கினா அங்க கேக்கும்.’ கை நகர்ந்தது. வெள்ளைத் துண்டுப் பானைக்குள் கொட்டை விழுந்து டொக்கென்றது. மற்றக் கொட்டைகளை விடச் சத்தம் கூடுதலாகக் கேட்டது போல அவளுக்குத் தோன்றியது. எடுத்து மாற்றிப் போட்டுவிடலாம் என்று கையை உள்ளே விட்டாள். பிள்ளை மறுபடி வீறிட்டது. வெறுங்கையைக் காட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வந்ததும் பிள்ளையை வாங்கிச் சுவரோரம் உட்கார்ந்து மார்பில் போட்டாள். அது மடக் மடக்கென்று குடித்தது. கிருஷ்ணம்மா அந்தப் பக்கம் போனவள், குனிந்து பிள்ளையின் உள்ளங்காலைக் கிள்ளி, "குடிடா குடி, ஒனக்காகத்தான் இத்தன கூத்தும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயந்தரம் வெயில் இறங்கும் நேரத்தில் வெளியே பெரிய சாக்கை விரித்துப் பானைகளைக் கவிழ்த்தார்கள். முதலில் சிவப்பு. பிறகு வெள்ளை. எண்ணுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது, வெள்ளைக் குவியல்தான் பெரிது. சதாசிவத்தின் ஆட்கள் நாலு பேர் கூச்சல் போட்டார்கள். தங்கராஜு தலையில் கை வைத்தான்.

ராசம்மா குவியலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று குனிந்து ஒன்றை எடுத்தாள்.

"அலமாக்! இது எங்க வீட்டு மனுசன் மரத்துக் கொட்டையில்ல? இந்தக் கருப்புத் திட்டு வேற எந்த மரத்துல இருக்கு? ஏய்யா, காலையில சாமி கும்பிட்டுட்டு எனக்கு முன்னாடி செவப்பு செவப்புன்னு கும்மாளம் போட்டியே!"

கூட்டம் சிரித்தது. அவள் புருஷன் முழித்தான். "நீ மட்டும்?" என்று அவனும் குவியலைக் கிளறினான். கிளறினவன் கை நின்றது. ராசம்மா மரத்து மூன்று வரிக் கொட்டை அதே குவியலில், அவனுடையதுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ராசம்மாவின் வாய் அடைத்துப் போனதை அந்தத் தோட்டம் அன்றுதான் கண்டது.

சிரிப்பு அப்படியே நின்றது. எல்லாரும் அவரவர் நிரையில் பொறுக்கியதைத்தான் கொண்டுவந்திருந்தார்கள், கைப் பழக்கம். வருஷக்கணக்காக ஒரே மரத்தடியில் மிதித்து, பொறுக்கி, பிள்ளைக்குக் கொடுத்த கொட்டை. அடுத்தவர் நிரையில் ஆள் வராத நாள் வெட்டியிருக்கிறார்கள், அந்த மரத்துக் கொட்டையும் தெரியும். சாக்கின் மேல் கிடந்தவை கொட்டைகள் இல்லை. முகங்கள். இன்னார் இன்னார் என்று வெயிலில் மல்லாந்து கிடந்தார்கள். ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கவில்லை. யாரைப் பார்த்து யார் கேட்பது? கேட்க வாய் திறந்தவர்களின் கொட்டையும் அங்கேதான் கிடந்தது. ஆண்பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் பிள்ளைகளின் தலையில் பேன் தேடினார்கள். கங்காணி மட்டும் கால் மேல் கால் போட்டு, குவியலைத் தன் வீட்டுக் குடும்பப் படத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சிக்கு ஒரே ஒரு கொட்டைதான் கண்ணில் பட்டது. குவியலின் சரிவில், புறா முட்டை மாதிரி, வெள்ளை வழிசலோடு. அதைச் சுற்றி மற்றதெல்லாம் சின்னதாகத் தெரிந்தது. பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். மண் பிளக்கக் கூடாதா என்று இருந்தது.

எண்ணும்போது வேட்பாளர் பக்கத்தில் இருக்கலாம் என்று பேச்சு. கிருஷ்ணம்மா வந்து சாக்கின் ஓரத்தில் மண்டியிட்டாள். அவள் கண் குவியலின் மேல் ஒரு தரம் போய் வந்தது. நின்றது. பிறகு சாவதானமாகக் கையை நீட்டி, அந்தப் பெரிய கொட்டையை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"என்ன கிருஷ்ணம்மா," என்றார் கங்காணி, "எங்க கொட்டைல ஒண்ண எடுத்துட்டா நீ ஜெயிச்சிருவியா?"

"இல்லீங்க. புள்ள வெளையாட."

கிராணி ஒன்றைக் குறைத்தே எண்ணினார். அதனால் ஒன்றும் மாறவில்லை. பேச்சி மாற்றிப் போட்டிருந்தாலும் மாறியிருக்காது. அவள் தனியாகத் தோற்கடிக்கவில்லை, அதுதான் அவளுக்குப் பொறுக்க முடியாமல் போனது. ஜெயிக்கிற சண்டையில் காட்டிக் கொடுத்தேன் என்றால் அதற்காவது ஒரு கனம் இருக்கும். இது சும்மா, எல்லாரோடும் சேர்ந்து வழுக்கியது.

மேளம் அடிக்காமலே லாரி திரும்பியது. ஆனால் ஆ லியோங் பழங்களை இறக்கிவிட்டுத்தான் போனான். "மெனாங், காலா, நானாஸ் சாமா," என்றான். ஜெயித்தாலும் தோற்றாலும் அன்னாசி ஒன்றுதான் என்று அர்த்தம். வீட்டுக்கு ஒன்றாகக் கையிலேயே கொடுத்தான். "காக்காக், பிள்ளைக்குப் பால் ஊறும்," என்று தமிழும் மலாயுமாகச் சொல்லி, இருந்ததில் பெரியதைப் பேச்சியிடம் நீட்டினான். அவள் வாங்க வேண்டியதாயிற்று. அவனுக்குக் கொட்டையைப் பார்க்கத் தெரியாது அல்லவா?

தங்கராஜு அன்று கஞ்சியைப் பிசைந்துகொண்டே இருந்தான். புல்வெட்டுக்காரன், அவனுக்கு மரத்து முகம் தெரியாது; தெரிந்த ஒன்றும் அவன் பார்க்குமுன் கிருஷ்ணம்மாவின் கைக்குள் போய்விட்டது. "எந்த எந்த நாயெல்லாம் மாத்திப் போட்டுச்சோ. அவ புள்ளக்காரிங்களுக்குன்னு சொன்னா பாரு, அதுக்காகவாவது போடக்கூடாது?" என்றான். "ஊத்திக்கறீங்களா?" என்று பேச்சி கேட்டாள். அவன் நீட்டிய கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றினாள். அந்தப் பழத்தை ஒருத்தரும் வெட்டவில்லை. லயம் முழுக்க, வாசலுக்கு வாசல், அன்னாசி முள்ளுமுள்ளாக உட்கார்ந்திருந்தது. வாசனை ஏறிக்கொண்டே போனது. எறும்பு வரிசை கட்டியது. ஒரு வாரத்தில் ராசம்மாதான் முதலில் ஒன்றை வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.

கூட்டணி அதோடு நொண்ட ஆரம்பித்தது. மேசை தனித்தனியாகப் போடப்பட்டது. ஜெயித்த இரண்டு தோட்டத்திலும் பேச்சாள்களை மாற்றினார்கள். சிவப்புத் துண்டுகள் சட்டி பிடிக்கவும் தூளிக்கு அடியில் போடவும் ஆயின. கிருஷ்ணம்மாவுக்குச் சீட்டுக் கிழிந்தது. காரணம் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாளே லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள்.

பேச்சி அவள் வந்து திட்டுவாள் என்று காத்திருந்தாள். வந்து ஒரு அறை விட்டால் தேவலை என்று இருந்தது. கிருஷ்ணம்மா வீடு வீடாகப் போய், போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டாள். சிரித்தாள்கூட. பேச்சி வீட்டுக்கு மட்டும் வரவில்லை. ட்ரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பெக்கான் நானாஸ் போகிற மாட்டு வண்டியை நோக்கி அவள் நடந்தபோது, பேச்சி உள்ளே கதவிடுக்கில் நின்று பார்த்தாள். கூப்பிட வாய் வந்தது. ‘அக்கா’ என்ற சொல்லை எடுத்தால் அதற்குப் பின்னால் வேறொரு சொல்லும் வர வேண்டும். அது அவளிடம் இல்லை.

மறுநாள் பிரட்டில் கங்காணி ஆள் ஆளாகப் பேர் கூப்பிட்டார். "பேச்சியம்மா, மேட்டு நிரை."

வரிசையில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் திரும்பிப் பார்க்காததுதான் அவள் முதுகில் சுட்டது.

விடிகிற வெளிச்சத்தில் மேட்டுக்குப் போனாள். தண்ணீர் இல்லை, அட்டை இல்லை. உலர்ந்த சருகு. கிருஷ்ணம்மாவின் கை பட்ட மரங்கள்: வெட்டுக் கோடு எல்லாம் ஒரே சாய்வில், பட்டைக்கு நோகாமல், அளந்து வைத்தது போல. இப்படி வெட்டியவளைத்தான் விரட்டினார்கள். முதல் மரத்தடியில் கல் மேல் கவிழ்த்து வைத்திருந்த மங்கைத் திருப்பிவைக்கப் பேச்சி கை போட்டாள். அதற்குள்ளிருந்து என்னவோ உருண்டு சருகில் விழுந்தது.

புறா முட்டை மாதிரி. சாம்பல் நிறம். நடுவில் வெள்ளை வழிசல்.

எடுத்தாள். ஈரத் துணியில் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது. திருப்பிக் கொடுத்தாளா? வைத்துக்கொள் என்றாளா? பிள்ளை விளையாட என்று சொன்னது நிஜம்தானா? பேச்சி அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கத்தியை எடுத்து வெட்டினாள். பட்டைச் சுருள் கீழே விழுந்தது. கோடு வெளுத்துப் பால் இறங்கியது. மங்கை வைக்க வேண்டும். வைக்கக் கை ஒழியவில்லை, ஒரு கையில் கத்தி, ஒரு கையில் அந்தக் கொட்டை. முதல் சொட்டுத் தரையில் விழுந்தது.

அப்போது கொட்டகையில் பிள்ளை சிணுங்கியது. கங்காணி சொன்னது பொய் இல்லை; கூப்பிடு தூரத்தில், தெளிவாகக் கேட்டது. அவள் மார் இழுத்தது. அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மரத்துப் பால் மங்கு இல்லாத இடத்தில் சொட்டிக்கொண்டிருக்க, ரவிக்கை நனைந்துகொண்டிருக்க, மூடிய கைக்குள் கொட்டை சூடேறிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான், என் செல்லங்களா. எழுந்து போங்கள், சின்னது தூங்கிவிட்டது, மெல்லத் தூக்குங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அழுதால் ஓடிவரும் தூரத்தில் தாய் இருக்கட்டும். அந்தத் தூரத்தை ஒருத்தரிடமும் விலை கொடுத்து வாங்காமல் இருக்கட்டும். உங்கள் உலையில் அரிசி குறையாதிருக்கட்டும். உங்களை விட்டுப் போகிறவர்களை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புகிற கால் உங்கள் எல்லாருக்கும் வாய்க்கட்டும்.